மெட்ராஸ் பெயரில் பறந்த குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்: இங்கிலாந்துப் பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 22, 2025, செவ்வாய் – லண்டன், ஸ்ட்ராண்ட்

லண்டனுக்கு வந்தது தங்கை வீட்டுக்குத்தான். ஆனால் வருவதற்கு முன்பே ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரை நம்பரோடு சேர்த்துப் போட்டுக்கொண்ட ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், நான்கு இருந்தன. 79, 234, 264 மூன்றும் சண்டை விமானங்கள் ஓட்டியவை. நான்காவது, 35ஆம் ஸ்குவாட்ரன், கனரகக் குண்டுவீச்சு. நம் மாகாணத்து யுத்த நிதியிலிருந்து போன பணத்துக்கு நன்றியாக வைத்த பெயர். இது தெரிந்த நாளிலிருந்து அந்த 35 என்னை விடவில்லை.

தேடலை ஒரு தேவாலயத்தில் ஆரம்பித்தேன். செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ், ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கிறது, விமானப்படையின் தலைமைத் தேவாலயம். 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் உள்ளே எல்லாம் எரிந்து சுவர் மட்டும் நின்றது; திருப்பிக் கட்டி 1958இல் திறந்தார்கள். தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் 800க்கும் மேற்பட்ட சின்னங்களை வேல்ஸ் நாட்டுக் கறுப்புப் பலகைக்கல்லில் செதுக்கிக் காலடியில் பதித்திருக்கிறார்கள். புலி, தேள், வௌவால், பாம்பு, ஆந்தை என்று ஒரு மிருகக்காட்சிசாலையே கிடக்கிறது. அதன் மேல் செருப்போடு நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அங்கே வந்திருந்த மற்றவர்கள் யாருக்கும் அந்தக் கூச்சம் இல்லை.

35இன் சின்னம் இறக்கை முளைத்த குதிரைத் தலை. வரிசை வரிசையாகத் தேடிக் கழுத்து வலி எடுத்த பிறகு அங்கே தன்னார்வலராக இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். நம்பரைச் சொன்னதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார், ஒரு நாற்காலியை நகர்த்தினார், அடியில் குதிரை. “தினமும் யாராவது அதன் மேல்தான் உட்காருகிறார்கள்” என்று சிரித்தார்.

குதிரைக்குக் காரணம் முதல் உலகப் போர். 1916இல் தெட்ஃபோர்டில் தொடங்கிய ஸ்குவாட்ரன், அடுத்த வருடம் பிரான்சுக்குப் போய், குதிரைப்படைக்கு மேலே பறந்து எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்லும் வேலை செய்தது. 1936இல் சின்னங்களை முறைப்படுத்தியபோது அந்த உறவை வைத்து இறக்கைக் குதிரையைத் தேர்ந்தெடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது எட்டாம் எட்வர்ட். அந்த மனிதர் அரியணையில் இருந்ததே ஒரு வருடத்துக்கும் குறைவு. கீழே லத்தீனில் ஒரு வாசகம்: ‘ஊனோ அனிமோ அகிமுஸ்’, அதாவது ஒரே மனத்தோடு செயல்படுகிறோம்.

ஆக, சின்னத்தில் மெட்ராஸ் எங்கேயும் இல்லை. பணம் போனது பிற்பாடு, குதிரை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. இதே தரையில் 152ஆம் ஸ்குவாட்ரனைப் போய்ப் பாருங்கள், ஹைதராபாத் நிஜாமின் தலைப்பாகையே சின்னம். நிஜாம் தன் கஜானாவிலிருந்து கொடுத்தார், தலைப்பாகை கிடைத்தது. நம் ஊர்ப் பணம் ஜில்லா ஜில்லாவாக நாடகம் போட்டும், வசூல் செய்தும் சேர்ந்தது. யார் தலைப்பாகையைத்தான் வைப்பார்கள்?

வாசலில் ‘பாம்பர்’ ஹாரிஸ் சிலை, போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்குத் தளபதி. 1992இல் ராணியின் தாயார் திறந்து வைத்தபோது எதிர்ப்பாளர்கள் கூச்சல் போட்ட அதே சிலை. மழை வந்துவிட்டது. குடையைப் பிரித்தேன், ஒரே காற்றில் தலைகீழாகத் திரும்பிக் கம்பி உடைந்தது. புதுக் குடை 12 பவுண்டு என்றார்கள், நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஏப்ரல் 23, புதன் – ஹெண்டன்

விமானப்படை அருங்காட்சியகம், காலிண்டேல் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், நுழைவு இலவசம். குண்டுவீச்சு விமானங்கள் இருக்கும் கூடத்தில் லங்காஸ்டர் ஒன்று மினுமினுவென்று நிற்கிறது. 137 தடவை குண்டு போடப் போய் வந்தது. எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் மண்மீது பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தளபதி கோயரிங் பேசிய பேச்சை மூக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், நக்கலுக்கு. எல்லாரும் அதனோடுதான் படம் எடுக்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது அதே கூடத்தில் கிடக்கும் துருப்பிடித்த எலும்புக்கூட்டை. ஹாலிஃபாக்ஸ் W1048, 35 ஓட்டிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அதற்கும் ‘எஸ் ஃபார் ஷுகர்’ என்றுதான் பெயர், லங்காஸ்டருக்கும் அதே பெயர். இது போனது ஒரே ஒரு தடவை.

1942 ஏப்ரல் 27 இரவு, நார்வே கடற்கழியில் ஒளிந்திருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை அடிக்க ஸ்காட்லாந்தின் கின்லாஸிலிருந்து 35ஆம் ஸ்குவாட்ரன் கிளம்பியது. திட்டம் வேடிக்கையானது. உருண்டையான கடல் கண்ணிகளைக் கப்பலுக்குப் பக்கத்து மலைச்சரிவில் போட்டால் அவை உருண்டு போய்க் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே வெடிக்கும் என்று நம்பினார்கள். மிகத் தாழ்வாகப் பறக்க வேண்டும், கீழேயிருந்து சுடுகிறவனுக்கு அதைவிட வசதி ஏது? எஞ்சின் தீப்பிடித்த ஷுகர் சுவீடனை நோக்கித் திரும்பியது, எல்லை வரை போக முடியாது என்று தெரிந்ததும் விமானி டான் மெக்கின்டைர் உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரிப் பனிமேல் வயிற்றால் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள். கணுக்கால் முறிந்த ஃபிளைட் எஞ்சினியரை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் பனியில் நடந்தே சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். பனி உடைந்து விமானம் ஏரிக்குள் போனது. 31 வருடம் கழித்து, 1973இல், முக்குளிப்பவர்கள் இறங்கி வெளியே எடுத்தார்கள்.

நல்லவேளை, இதைப் புதுசாக்கவில்லை. தகடு அரித்து, உள்ளே விலா எலும்புகள் தெரிய, அப்படியே விட்டிருக்கிறார்கள். லங்காஸ்டரைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, இதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

நின்றபோது தேதிதான் மண்டையைக் குடைந்தது. 1942 ஏப்ரல். அதே மாதம் 6ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. இரண்டும் மெட்ராஸ் மாகாணத்து ஊர்கள். 9ஆம் தேதி திருகோணமலையில் விழுந்தது. சென்னையே காலியானது, ஊரைவிட்டுப் போகச் சொல்லி அரசாங்கமே சொல்லிவிட்டது. குண்டு விழுந்தால் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர் வைத்த குண்டுவீச்சு விமானங்கள் அப்போது நார்வேயில். வங்காள விரிகுடாவுக்கு மேலே கேட்க நாதியில்லை. யாரையும் குறை சொல்லிப் பலனில்லை, ஹாலிஃபாக்ஸை வைத்து அங்கே என்ன செய்திருக்க முடியும் என்பதும் வேறு கேள்வி. ஆனாலும் கொடுத்தவனுக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்திருக்குமா இல்லையா?

சாயங்காலம் ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஈழத்துக்காரர் கடையில் கொத்து ரொட்டி, ஒன்பது பவுண்டு, இரண்டு பேர் சாப்பிடலாம். தட்டை வைத்த பெரியவர் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

“பொம்மர் பாக்கவோ தம்பி காசு செலவழிச்சு வந்தனீங்கள்?” என்றார். “எங்களுக்கு சத்தத்திலேயே தெரியும், என்ன சாமான் வருதெண்டு. புக்காரா வேற சத்தம், கிபிர் வேற சத்தம். பங்கருக்குள்ள இருந்து பாத்தது காணும்.”

கொஞ்சம் பொறுத்து அவரே சொதி கொண்டுவந்து ஊற்றினார். காசு வாங்கவில்லை, சொதிக்கு மட்டும்.

ஏப்ரல் 24, வியாழன் – கிரேவ்லி

இன்றைக்குப் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். கிங்ஸ் கிராஸிலிருந்து செயின்ட் நியோட்ஸ் வரை ரயில், அங்கிருந்து டாக்சி. கிரேவ்லி சின்னக் கிராமம், கடை கண்ணி எதுவும் என் கண்ணில் படவில்லை. திரும்பக் கூட்டிப்போக இரண்டு மணிக்கு வருகிறேன் என்ற டாக்சிக்காரர் வரவேயில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போனது.

1942 ஆகஸ்டில் 35ஆம் ஸ்குவாட்ரனை யார்க்‌ஷயரிலிருந்து இங்கே மாற்றினார்கள், பாத்ஃபைண்டர் படையில் சேர்த்து. இரவில் முதலில் போய்க் கலர் வெளிச்சக் குண்டு போட்டு, பின்னால் வரும் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு இலக்கைக் காட்டுவது இவர்கள் வேலை. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய டான் பென்னட்டும் அந்த ஏப்ரல் 27 இரவு டிர்பிட்ஸை அடிக்கப் போய்ச் சுடப்பட்டு, சுவீடனுக்கு நடந்து தப்பியவர்தான். H2S என்ற ரேடாரை வைத்து முதன்முதலில் குண்டு போடப் போனவர்களிலும் 35 உண்டு, 1943 ஜனவரி 30 இரவு, ஹாம்பர்க். அதே ஹாம்பர்க்கை அந்த ஜூலையில் எரித்தபோதும் முன்னால் போய் இடம் காட்டியவர்களில் இவர்கள் இருந்தார்கள். தீப்புயல் என்று பெயர், இறந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். நம் பெயர் அதிலும் இருக்கிறது. நல்லதில் பங்கு கேட்கிற நாம் இதில் கேட்க மாட்டோம்.

விமானத்தளம் இருந்த இடம் இப்போது வயல். உடைந்த கான்கிரீட் துண்டுகள் வரப்போரமாகக் கிடக்கின்றன, தூரத்தில் காற்றாலைகள், ஒரு நிமிஷம் ஆரல்வாய்மொழி வந்துவிட்டேனோ என்றிருந்தது, குளிர் மட்டும்தான் இல்லையென்று சொன்னது. இங்கேதான் ஃபைடோ வைத்தார்கள். மூடுபனியில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் மோதி ஆட்கள் செத்துக்கொண்டிருந்ததால், ஓடுபாதையின் இரு பக்கமும் குழாய் போட்டு, அதில் பெட்ரோலை விட்டுக் கொளுத்துவது. சூட்டில் பனி மேலே எழும்பிவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பல்லாயிரம் காலன் பெட்ரோல் எரியும், ரேஷன் காலத்தில்! 1943 நவம்பரில் லெவர்குசனிலிருந்து திரும்பிய 35இன் நான்கு ஹாலிஃபாக்ஸ்கள் அந்த நெருப்புக்கு நடுவே இறங்கின, சண்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் அதில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

செயின்ட் பாட்டால்ஃப் தேவாலயத்தில் அவர்கள் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வாசலில் டாக்சிக்காகக் காத்திருந்த என்னை, நாயோடு வந்த ஒரு அம்மா இரண்டு தடவை கடந்து போனார். மூன்றாம் தடவை நின்று, வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார். மெட்ராஸ் விஷயத்தைச் சொன்னேன். ‘35 மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்தே படித்திருக்கிறாராம். அது யாரோ ஒரு தளபதியின் வீட்டுப் பெயர் என்று நினைத்திருந்தாராம்! வீட்டுக்குக் கூட்டிப்போய் டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் கொடுத்து, செயின்ட் நியோட்ஸ் ஸ்டேஷனில் தன் காரில் இறக்கிவிட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டியதைக் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி – யார்க்

பெட்டிஸ் டீக்கடைக்கு வெளியே மழையில் வரிசை. யாரும் முந்தவில்லை, முணுமுணுக்கவும் இல்லை, முன்னால் நின்றவர் தன் குடையில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே ஃபேட் ராஸ்கல் என்ற உலர்திராட்சை பன், பாதாமும் செர்ரியும் வைத்து முகம் மாதிரி செய்தது, கூட ஒரு பானை டீ. பில்லை ரூபாயில் கணக்குப் போடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

கீழ்த்தளத்துக்கு இறங்கினால் பழைய நிலைக்கண்ணாடி. போரின்போது அங்கே பார் இருந்தது. சுற்றுவட்டார விமானத்தளத்துப் பையன்கள் குடிக்க வந்து, வைர மோதிரத்தால் கண்ணாடியில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஐந்நூறுக்கும் மேல். கிட்டத்தட்ட அத்தனையும் இருபது, இருபத்திரண்டு வயதுக் கையெழுத்து. பாம்பர் கமாண்ட் என்ற குண்டுவீச்சுப் படையில் மொத்தம் இறந்தவர்கள் 55,573 பேர், கண்ணாடியில் இருப்பவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கழிப்பறைக்குப் போகிற அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. ஆமாம், கண்ணாடி கழிப்பறை போகிற வழியில்தான் இருக்கிறது.

மின்ஸ்டர் பேராலயத்தில் அவர்களுக்கென்று வானியல் கடிகாரமும், இந்தப் பக்கத்துத் தளங்களிலிருந்து போய் இறந்த சுமார் 18,000 பேரின் பெயர்ப் புத்தகமும். பார்த்தேன். கால் ஓய்ந்துவிட்டது, அதற்கு மேல் எழுத இல்லை.

ஏப்ரல் 26, சனி – எல்விங்டன்

யார்க்‌ஷயர் விமான அருங்காட்சியகத்தில் முழு ஹாலிஃபாக்ஸ் ஒன்று நிற்கிறது என்று வந்தேன். ‘பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை’ என்று பெயர். இதை அவர்கள் ‘ஜோடித்த’ கதை எனக்குப் பிடித்திருந்தது. போருக்குப் பின் ஹாலிஃபாக்ஸ்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். லூயிஸ் தீவில் ஒரு விவசாயி உடற்பகுதித் துண்டு ஒன்றைக் கோழிக்கூண்டாக வைத்திருந்தார். அதை வாங்கி, ஹேஸ்டிங்ஸ் விமானத்திலிருந்து இறக்கையை எடுத்து, எஞ்சினைப் பிரான்சிலிருந்து வரவழைத்து, மிச்சத்தைக் கையால் செய்து, 1996 செப்டம்பர் 13 வெள்ளியன்று வெளியே உருட்டினார்கள்.

ஹாலிஃபாக்ஸை முதலில் சண்டைக்கு எடுத்துப் போனதே 35தான், 1941 மார்ச் 10 இரவு, லெ ஹாவ்ர். புது விமானம், நம் ஆட்களுக்கே அடையாளம் தெரியாது. திரும்பி வந்த ஒன்றைப் பிரிட்டிஷ் சண்டை விமானமே சுட்டு வீழ்த்திவிட்டது.

‘நம் ஆட்கள்’ என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? இந்த ஊரில் சுற்றிச் சுற்றி வாய் அப்படிப் பழகிவிட்டது.

நாஃபி என்று பழைய ராணுவக் கேன்டீன் பெயரிலேயே கேன்டீன். சாஸேஜ், மசித்த உருளைக்கிழங்கு, மேலே பிரவுன் நிறத்தில் ஒரு குழம்பு. உப்பு தனியாகக் கேட்டு வாங்கினேன், பரிமாறிய பாட்டி முகத்தைப் பார்த்து மிளகையும் சேர்த்தே வைத்துவிட்டார். வெயில் வந்தது. அரை மணி நேரம்தான், ஆனால் எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு – பெனிங்பரோ, லின்டன்

1940 டிசம்பரில் 35 வந்து தங்கிய தளம் லின்டன்-ஆன்-ஊஸ். 2020இல் மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அகதிகளை அங்கே தங்கவைக்க அரசாங்கம் போட்ட திட்டத்தை, சின்னக் கிராமம் தாங்காது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

விமானிகள் சிலரைப் பக்கத்தில் பெனிங்பரோ மாளிகையில் தங்கவைத்திருந்தார்கள். ஆற்றைத் தாண்டினால் நன் மங்க்டனில் ‘ஆலிஸ் ஹாதார்ன்’ பப், படகில் போய்க் குடித்துவிட்டு இருட்டில் திரும்புவார்களாம். அந்தப் பெயர் ஒரு பந்தயக் குதிரையுடையது, இந்தக் குதிரை விஷயம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. இப்போது படகு இல்லை. சுற்றிப் போக வண்டியும் இல்லை, ஆற்றின் இந்தப் பக்கம் நின்றபடியே சாண்ட்விச் தின்றேன்.

மாளிகைத் தோட்டத்தில் பெஞ்சில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார், வல்கன் என்ற ஜெட் குண்டுவீச்சு விமானத்துக்குத் தரைப்பணி பார்த்தவர். 35 கடைசியில் ஓட்டியது வல்கன்தான், சைப்ரஸில் ஆறு வருடம், அப்புறம் ஸ்காம்ப்டன். 1982 மார்ச் 1இல் கலைத்தார்கள். “ஒரே மாதம்!” என்று விரலைக் காட்டினார். ஏப்ரலில் அர்ஜென்டினாவோடு ஃபாக்லாந்து சண்டை வந்து, கலைக்க மிச்சமிருந்த வல்கன்களைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். 35க்கு வாய்ப்பில்லை. அது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மெட்ராஸ் எவ்வளவு கொடுத்தது என்று அவர் கேட்டார். மொத்தத் தொகை என்னிடம் இல்லை, ஒரு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று வசூலித்த காலம் என்றேன். அன்றைய ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 66,000 ரூபாய்க்கு மேல். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் என்றால் அதற்கு மேலே எங்கேயோ. அவர் விசில் அடித்தார். “சின்னத்தில் ஒரு யானையாவது போட்டிருக்கலாம்” என்றார். 44ஆம் ஸ்குவாட்ரனுக்கு யானை உண்டு, ஆனால் அது ரொடீசியாவுக்காக, என்று நானே திருத்த வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்ததும் ஆவணக் காப்பகத்தில் உட்காரலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒன்று. தாத்தா, பாட்டி பெட்டிகளில் 1940, 41 வருடத்து யுத்த நிதி ரசீது, நாடக நோட்டீஸ், வசூல் சீட்டு எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஊர் பெயரும் தொகையும் தெரிகிற மாதிரி எடுங்கள். நாலணா ரசீதாக இருந்தாலும் பரவாயில்லை.